கடவுச்சொல்லை யாரும் உடைப்பதில்லை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணினிகளையும் மின்னஞ்சலையும் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது. காலையில் அலுவலகம் வந்ததும் முதலில் திறப்பது உள்நுழைவுப் பதிவேட்டைத்தான். எந்தக் கணக்கில் யார், எந்த நாட்டிலிருந்து, எத்தனை மணிக்கு நுழைந்தார்கள், நுழைய முயன்று தோற்றவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று வரிவரியாக அதில் இருக்கும். அதைப் பல ஆண்டுகளாகப் படித்துவருவதால் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்திருக்கிறது. கணக்குகளைப் பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் எதையும் உடைப்பதில்லை. சரியான பெயரையும் சரியான கடவுச்சொல்லையும் கொடுத்துத்தான் உள்ளே வருகிறார்கள். அவை அவர்கள் கைக்கு எப்படிப் போகின்றன என்று புரிந்துகொண்டால் பாதி ஆபத்து விலகிவிடும்.

பதிவேட்டில் அன்றாடம் தெரிவது கடவுச்சொல் தெளிப்பு. ஒரே கணக்கில் ஆயிரம் கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்தால் சில தவறுகளிலேயே கணக்கு பூட்டிக்கொள்ளும். அதனால் தாக்குபவர்கள் வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நிறுவனத்தின் பெயரோடு நடப்பு ஆண்டைச் சேர்த்தது, ஊர்ப் பெயரோடு 123 சேர்த்தது என்று எளிதில் ஊகிக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொண்டு, நிறுவனத்தின் எல்லாக் கணக்குகளிலும் ஒரேயொரு முறை போட்டுப் பார்க்கிறார்கள். தெருவிலுள்ள எல்லா வீட்டுப் பூட்டிலும் ஒரே சாவியை ஒருமுறை நுழைத்துப் பார்த்துவிட்டு நகர்வது போன்றது இது. எந்தக் கணக்கும் பூட்டிக்கொள்ளாது, யாருக்கும் எச்சரிக்கை போகாது. சில மணி நேரம் கழித்து அடுத்த கடவுச்சொல்லோடு வருவார்கள்.

இது சின்ன நிறுவனங்களின் தொல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2023 நவம்பர் இறுதியில் தொடங்கிய இப்படியொரு தாக்குதலில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சிக்கியது. யாரும் கவனிக்காமல் விட்டிருந்த ஒரு பழைய சோதனைக் கணக்கு, கடவுச்சொல்லுக்குப் பிறகு ஓடிபி போல ஒன்றைக் கேட்கும் இரண்டாவது சரிபார்ப்பு இல்லாமல் இருந்தது. அதன் வழியாக நுழைந்தவர்கள் உயர் அதிகாரிகளின் மின்னஞ்சல்கள்வரை படித்துவிட்டார்கள். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்டே இதை வெளியே சொன்னது.

எங்கள் தொழிலில் இந்தப் பழைய கணக்குகள்தான் பெரிய ஓட்டை. ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் ஒரு மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போவார். அவர் கணக்கை மூடினால் சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பும் கடிதம் திரும்பிவிடுமே என்ற பயத்தில் அப்படியே விட்டுவைப்பார்கள். மூடத் தேவையில்லை. அந்த முகவரியைப் பொதுப் பெட்டியாக மாற்றிவிட்டு, நேரடி உள்நுழைவை மட்டும் தடுத்துவிட்டால் போதும். கடிதங்கள் வந்துகொண்டிருக்கும், வேறொருவர் தன் சொந்தக் கணக்கிலிருந்தே அவற்றைப் பார்த்துக்கொள்வார், அந்தப் பெயரில் யாராலும் நுழைய முடியாது. ஊழியர் பட்டியலையும் கணக்குப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையை மாதச் சம்பளம் போடும் நாளோடு சேர்த்துக்கொண்டோம். அன்று எப்படியும் ஊழியர் பட்டியல் கையில் இருக்கும் என்பதால் அது விட்டுப்போவதில்லை.

அடுத்தது, வேறெங்கோ கசிந்ததை இங்கே கொண்டுவந்து போட்டுப் பார்ப்பது. கணக்குப் பிரிவில் மூத்தவரான ஓர் அக்காவின் கணக்கில் அயல்நாட்டிலிருந்து ஒரு நுழைவு முயற்சி தெரிந்தது. கடவுச்சொல் சரியாக இருந்தது. இரண்டாவது சரிபார்ப்பில்தான் தடுக்கப்பட்டிருந்தது. அவரிடம் கேட்டபோது, "தம்பி, நான் யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதிவைக்கவும் இல்லை" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் எப்போதோ துணி வாங்கிய ஓர் இணையக் கடையிலும் அதே மின்னஞ்சல், அதே கடவுச்சொல். அந்தக் கடையின் தரவு கசிந்து, பட்டியலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நிரல் ஒன்று அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு மின்னஞ்சல், வங்கி, கடை என்று எல்லா இடங்களிலும் தானாகவே போட்டுப் பார்க்கும்.

2023இல் மரபணுப் பரிசோதனை நிறுவனமான 23அண்ட்மீயில் நடந்தது இதுவே. பழைய கசிவுகளிலிருந்து எடுத்த கடவுச்சொற்களால் சுமார் 14,000 கணக்குகள் திறக்கப்பட்டன. உறவினர்களைக் கண்டறியும் வசதி வழியாக அங்கிருந்து ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. கடினமான கடவுச்சொல் வைத்திருந்தால் போதும் என்பவர்களுக்கு 2021 மே மாதம் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் பட்ட பாட்டைச் சொல்வேன். வெளியிலிருந்து நிறுவனத்தின் வலையமைப்புக்குள் வர உதவும் வி.பி.என். வசதியில், பயன்பாட்டில் இல்லாத ஒரு கணக்கு வழியாகத் தாக்குபவர்கள் நுழைந்தார்கள். அந்தக் கடவுச்சொல் சிக்கலானதுதான் என்று நிறுவனத்தின் தலைவர் அமெரிக்க செனட்டில் சொன்னார். ஆனால் கசிந்த பட்டியல் ஒன்றில் அது இருந்தது. இரண்டாவது சரிபார்ப்பும் இல்லை. கிழக்குக் கடற்கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் குழாய் நாள் கணக்கில் நின்றது. கணினிகளை முடக்கி மிரட்டியவர்களுக்கு 44 லட்சம் டாலர் பணயத்தொகை கொடுத்தார்கள்.

ஆகவே நான் வலியுறுத்துவது ஒரே ஒரு குணத்தை: ஒரு கடவுச்சொல் ஓரிடத்தில் மட்டுமே இருக்க வேண்டும். அத்தனையையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது. கடவுச்சொற்களை நமக்காகப் பூட்டிவைத்து நினைவில் கொள்ளும் பாஸ்வேர்டு மேனேஜர் செயலியைப் பழகக் கூடியவர்களுக்கு அதைப் போட்டுக்கொடுக்கிறேன். பழக முடியாத பெரியவர்களிடம், வீட்டில் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். இதைக் கேட்டு முகம் சுளிக்கும் கணினிக்காரர்கள் உண்டு. எந்த நாட்டிலோ உட்கார்ந்திருக்கும் திருடனுக்கு அந்தப் பீரோ எட்டாது. பத்து இடங்களில் ஒரே கடவுச்சொல் வைப்பதைவிட நோட்டு பல மடங்கு பாதுகாப்பானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை எல்லோரும் மாற்ற வேண்டும் என்ற பழைய விதியையும் நாங்கள் எடுத்துவிட்டோம். அப்படி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 2017லேயே காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம் என்று வழிகாட்டுதலில் எழுதிவிட்டது. கசிந்தது தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். உங்கள் முகவரி எந்தக் கசிவிலாவது இருக்கிறதா என்று பார்க்க, ஆஸ்திரேலியாவின் ட்ராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போண்ட்' தளம் இலவசமாகவே உதவுகிறது.

இனி, எங்கள் நிறுவனம் பணத்தை இழக்கும் விளிம்புவரை போன சம்பவத்துக்கு வருகிறேன்.

பல ஆண்டுகளாகப் பழக்கமுள்ள, பையர்கள் சார்பில் செயல்படும் ஒரு பையிங் ஏஜென்சியிடமிருந்து எங்கள் ஏற்றுமதி ஆவணப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பிய முகவரி உண்மையானது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஓர் ஆர்டரைப் பற்றிய கடிதத் தொடரிலேயே பதிலாக வந்திருந்தது. திருத்திய ஷிப்மெண்ட் விவரத்தை இந்த இணைப்பில் பார்க்கவும் என்று எழுதியிருந்தது. அந்த ஏஜென்சியில் ஒருவரது கணக்கு அதற்கு முன்பே பறிபோயிருந்தது என்பது பின்னர்தான் தெரிந்தது. எழுத்துப்பிழை இருக்கும், தெரியாத முகவரியிலிருந்து வரும் என்று நாம் சொல்லிக்கொடுக்கும் அடையாளங்களில் எதுவும் அதில் இல்லை.

இணைப்பை அழுத்தியதும் வழக்கமான உள்நுழைவுப் பக்கம், எங்கள் நிறுவனத்தின் லோகோவோடு. கடவுச்சொல் கேட்டது, கொடுத்தார் எங்கள் ஊழியர். செல்பேசிக்கு ஓடிபி வந்தது, அதையும் கொடுத்தார். உள்ளே ஓர் ஆவணம் திறந்தது. அவர் அறிந்தவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது.

இந்த வகைத் தாக்குதலில் போலிப் பக்கம் ஒரு இடைத்தரகனாக நிற்கிறது. நீங்கள் தட்டச்சு செய்வதை அந்த நொடியிலேயே உண்மையான தளத்துக்கு அனுப்புகிறது. உண்மையான தளம் ஓடிபி கேட்டால் அதை உங்களிடம் கேட்கிறது. எல்லாம் சரியாக முடிந்ததும் உண்மையான தளம் 'இவர் சரிபார்க்கப்பட்டவர்' என்பதற்கு அடையாளமாக, உலாவியில் தங்கும் சிறு தரவுத் துணுக்கான ஒரு குக்கியை அனுப்பும். அந்தக் குக்கி உங்கள் கணினிக்கு வருவதற்கு முன் நடுவில் நிற்பவன் கையில் விழுகிறது. அதைத் தன் உலாவியில் போட்டுக்கொண்டால் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். இரட்டைச் சரிபார்ப்பு இருந்தும் கணக்கு போய்விட்டதே என்று திகைப்பவர்கள் பலரிடம் நடந்தது இதுதான்.

உள்ளே வந்தவன் அவசரப்படவில்லை. கடிதங்களைப் படித்திருக்கிறான். பிறகு அந்தக் கணக்கில் ஒரு விதியை எழுதிவைத்திருக்கிறான்: அந்த ஆர்டரின் பையரிடமிருந்து வருவதில் 'பேமெண்ட்', 'பேங்க்' என்ற சொற்கள் இருந்தால், படித்ததாகக் குறித்து, யாரும் திறந்தே பார்க்காத ஒரு கோப்புறைக்கு அனுப்பிவிடு. அதன்பின் பையருக்கு எங்கள் பெயரில் ஒரு கடிதம்: தணிக்கை காரணமாக எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, இந்த இன்வாய்ஸுக்கான தொகையைப் புதிய கணக்கில் செலுத்தவும். அடுத்தடுத்த கடிதங்கள் வேறொரு முகவரியிலிருந்து போயின. எங்கள் பெயரில் 'எம்' என்ற ஆங்கில எழுத்து வரும் இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டு அந்த முகவரியைப் பதிவு செய்திருந்தான். சின்ன எழுத்தில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

எங்களைக் காப்பாற்றியது பையர் அலுவலகத்தில் கணக்குப் பார்த்த ஒரு பெண்மணி. வங்கி விவரம் மாறினால் பழைய எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்காமல் பணம் அனுப்பக்கூடாது என்று அவர்களிடம் ஒரு விதி இருந்தது. அவர் அழைத்தார். அன்று அந்த ஓர் அழைப்பு வராமல் போயிருந்தால் ஒரு கன்டெய்னர் சரக்கின் பணம் போயிருக்கும். சாயப்பட்டறைக்கும் நூல்காரருக்கும் தையல் ஒப்பந்தக்காரருக்கும் அந்தப் பணத்திலிருந்துதான் கொடுக்க வேண்டியிருந்தது.

இத்தகைய நேரத்தில் எல்லோரும் முதலில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு மூச்சு விடுகிறார்கள். அது போதாது. திருடனிடம் இருப்பது குக்கி. சில சேவைகளில் கடவுச்சொல் மாறிய பிறகும் பழைய அமர்வு, அதாவது ஏற்கெனவே நுழைந்திருக்கும் நிலை, உயிரோடு இருக்கும். கணக்கை முதலில் முடக்கினேன், எல்லா அமர்வுகளையும் வெளியேற்றும் பொத்தானை அழுத்தினேன், பிறகே கடவுச்சொல்லை மாற்றினேன். அடுத்து, சரிபார்ப்புக்காகப் பதிவாகியிருந்த கருவிகளைப் பார்த்தேன். நினைத்தது போலவே தெரியாத செல்பேசி ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. அதை நீக்காமல் விட்டிருந்தால் அடுத்த நாளே திரும்பி வந்திருப்பான். கடிதத்தை வேறிடத்துக்குத் திருப்பும் விதிகள், மின்னஞ்சலைப் படிக்க அனுமதி பெற்றிருந்த வெளிச் செயலிகள் என்று ஒவ்வொன்றாக நீக்கினேன். கடைசியாக, அந்தக் கணக்கிலிருந்து வேறு யாருக்கெல்லாம் அதே வலை வீசப்பட்டிருக்கிறது என்று பார்த்து ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொன்னோம். மின்னஞ்சலில் சொல்லவில்லை. அதை யார் படிப்பார்கள் என்று அப்போது உறுதியாக இல்லை.

இணைப்பை அழுத்திய ஊழியரை எல்லோர் முன்னிலையிலும் திட்ட வேண்டும் என்று ஒரு பேச்சு எழுந்தது. நான் கடுமையாக எதிர்த்தேன். இன்று திட்டினால் நாளை அழுத்திவிட்டவர் பயந்து மறைப்பார், மூன்று நாள் கழித்துத்தான் நமக்குத் தெரியவரும். இந்த வேலையில் கால் மணி நேரம் முன்னால் தெரிவதற்கு இருக்கும் மதிப்பு பணத்தில்தான் தெரியும். அந்த ஊழியர் இன்றும் எங்களோடு இருக்கிறார். சந்தேகமான கடிதத்தை முதலில் கொண்டுவந்து காட்டுபவரும் அவரே.

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிய வேண்டும். பணம் கைமாறிக்கொண்டே போகும் என்பதால், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்கு அதை நடுவழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆவணமெல்லாம் சேர்த்துக்கொண்டு நாளை போகலாம் என்று காத்திருக்கக் கூடாது.

இன்னொரு வகையை டிசைன் பிரிவில் பார்த்தேன். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் திருட்டுப் பதிப்பை யாரோ இறக்கியிருந்தார்கள். மென்பொருள் நன்றாகவே வேலை செய்தது. அதோடு வந்த இன்னொரு நிரல், உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்களையும் குக்கிகளையும் மொத்தமாக அள்ளி அனுப்பிவிட்டது. இப்படித் திருடியவை சந்தையில் விற்பனையாகின்றன. 2024இல் ஸ்னோஃப்ளேக் தரவுச் சேவையின் வாடிக்கையாளர் நிறுவனங்கள் பல அடிவாங்கியது இப்படித் திருடப்பட்ட கடவுச்சொற்களால்தான். இங்கே வரிசை மிக முக்கியம். தொற்றுள்ள கணினியிலேயே உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றினால் புதியதும் உடனே போய்விடும். முதலில் அந்தக் கணினியை இணையத்திலிருந்து பிரிக்க வேண்டும். வேறொரு சுத்தமான கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். பிறகு அந்தக் கணினியை முழுவதும் துடைத்து மறுபடி நிறுவ வேண்டும்.

செல்பேசியை நோக்கி வருபவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'நுழைவது நீங்கள்தானா?' என்று அனுமதி கேட்கும் அறிவிப்பை விடாமல் அனுப்பிச் சலிப்படைய வைப்பது ஒன்று. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தின் ஓர் ஒப்பந்த ஊழியர் இப்படித்தான் கடைசியில் 'ஆம்' என்று அழுத்தினார். அனுமதி தருவதற்குத் திரையில் தெரியும் எண்ணைச் செயலியில் தட்டச்சு செய்ய வேண்டும் என்று அமைத்துவிட்டால், தூக்கக் கலக்கத்தில் அழுத்திவிடும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. நீங்கள் நுழையாதபோது அந்த அறிவிப்பு வந்தால் உங்கள் கடவுச்சொல் ஏற்கெனவே வெளியே போய்விட்டது என்று பொருள். அறிவிப்பை மறுத்துவிட்டு உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

சிம் மாற்று மோசடியில் உங்கள் எண்ணுக்கே வேறொருவர் புதிய சிம் வாங்கிவிடுகிறார். சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் சிக்னல் இருக்க உங்கள் செல்பேசியில் மட்டும் திடீரென்று போய்விட்டால், வேறு எண்ணிலிருந்து வாடிக்கையாளர் சேவையையும் வங்கியையும் உடனே அழையுங்கள். வாட்ஸ்அப் கணக்கைப் பறிப்பவர்கள் தவறுதலாக உங்களுக்கு ஓர் ஆறு இலக்க எண் வந்துவிட்டது, அனுப்புங்கள் என்பார்கள். சில சமயம் கூரியர்காரர் என்று பேசி, நட்சத்திரக் குறியோடு 401 என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொல்வார்கள். அது உங்கள் அழைப்புகளை அவர்களுக்குத் திருப்பும் குறியீடு, அழைப்பில் வரும் சரிபார்ப்பு எண்ணும் அவர்களுக்கே போய்விடும். இந்த வகைத் திருப்பலை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை, செல்பேசி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. எப்படியிருந்தாலும் வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்புக்கான பின் எண்ணை இன்றே வைத்துவிடுங்கள். உங்கள் அம்மாவின் செல்பேசியிலும் வையுங்கள்.

ஓடிபியையே நடுவில் நின்று பறிக்க முடியும் என்றால் எதைத்தான் நம்புவது? நான் நம்புவது கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கருவியிலேயே இருக்கும் மின்னணுச் சாவியான பாஸ்கீயையும் யு.எஸ்.பி. வடிவப் பாதுகாப்புச் சாவியையும். இவை தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டவை. போலிப் பக்கம் எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் முகவரி வேறு என்பதால் அந்தப் பக்கத்துக்குச் சாவி பதில் கொடுக்காது. மனிதக் கண்ணின் கவனத்தை நம்ப வேண்டியதில்லை. 2022 ஜூலையில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் ஊழியர்களுக்குப் போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. இணையப் பாதுகாப்பே தொழிலாகக் கொண்ட அந்த நிறுவனத்திலும் மூன்று பேர் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார்கள். எல்லோரிடமும் பாதுகாப்புச் சாவி இருந்ததால் தாக்குபவர்களால் உள்ளே வர முடியவில்லை. அதே குழுவிடம் ட்விலியோ நிறுவனம் சிக்கிக்கொண்டது.

எங்கள் நிறுவனத்தில் பணம் தொடும் கைகளுக்கு முதலில் கொடுத்தோம்: கணக்குப் பிரிவு, ஆவணப் பிரிவு, முதலாளி, பிறகு நிர்வாகக் கணக்கு வைத்திருக்கும் நான். ஒருவருக்கு இரண்டு சாவிகள், ஒன்று தொலைந்தால் மற்றொன்று. வீட்டில் ஒரே ஒரு கணக்கை மட்டும் இப்படிப் பாதுகாக்க முடியும் என்றால் மின்னஞ்சலைத் தேர்ந்தெடுங்கள். மற்ற எல்லாத் தளங்களிலும் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று அழுத்தினால் வரும் கடிதம் அங்கேதான் வந்து விழுகிறது.

இத்தனைக்குப் பிறகும் திருடனுக்கு ஒரு வழி இருக்கிறது. அது என் மேசைத் தொலைபேசி. 2025 ஏப்ரலில் பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் தாக்கப்பட்டபோது ஆடைத் தொழிலில் இருக்கும் நாங்கள் கூர்ந்து கவனித்தோம். தாக்குபவர்கள் ஆள்மாறாட்டம் செய்து, ஒரு வெளி நிறுவனத்தின் வழியாக நுழைந்ததாக அதன் தலைவர் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். இணைய வழி ஆடை விற்பனை ஆறு வாரங்களுக்கு மேல் நின்றது. லாபத்தில் சுமார் 30 கோடி பவுண்டு இழப்பு வரும் என்று அந்த நிறுவனமே கணக்கிட்டது.

அன்றிலிருந்து எங்களிடம் ஒரு விதி. கடவுச்சொல்லை மீட்டமைக்கவோ புதிய கருவியைச் சேர்க்கவோ யார் கேட்டாலும், அழைப்பைத் துண்டித்துவிட்டு, பதிவேட்டில் இருக்கும் எண்ணுக்கு நாங்களே திரும்ப அழைப்போம். குரல் தெரிந்தது என்பது காரணமாகாது. குரலைப் போலவே பேசும் கருவிகள் இப்போது யாருக்கும் கிடைக்கின்றன. விதி வந்த சில வாரங்களில் முதலாளி வெளிநாட்டுக் கண்காட்சியிலிருந்து அழைத்தார். செல்பேசி பழுதாகிவிட்டது, வேறொருவர் எண்ணிலிருந்து பேசுகிறேன், பையர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், உடனே மாற்றிக் கொடு என்றார். "சார், விதிப்படி பதிவேட்டில் இருக்கும் வீட்டு எண்ணுக்கு அழைத்து அம்மாவிடம் கேட்டு உறுதி செய்துவிட்டுத்தான் மாற்றுவேன்" என்றேன். மறுமுனையில் கோபம் தெரிந்தது. அவருடைய மனைவி, அந்தப் பயணத்தில் அவர் எந்த விடுதியில் தங்கியிருக்கிறார் என்பதைக் கேட்டுச் சரிபார்த்து எனக்குத் திரும்ப அழைத்தார். அதன்பிறகே மாற்றினேன். ஊர் திரும்பியதும் முதலாளி கேட்டது ஒன்றுதான்: இதே விதியை வங்கிக் கணக்கு மாற்றங்களுக்கும் நம் சப்ளையர்கள் எல்லோரிடமும் கொண்டுபோக முடியுமா? நூல் மில்லிலிருந்து தொடங்கி இப்போது ஒவ்வொருவராக எண்களைச் சரிபார்த்துப் பதிந்துகொண்டிருக்கிறோம்.